தங்கம் தேடும் டிடெக்டர் வாங்கியாச்சா? களத்துக்குப் போகும் முன் அதைச் சோதிக்கும் முறை

தங்கம் தேடும் மெட்டல் டிடெக்டர் பழுதானால் அப்படியே நின்றுபோய்விடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நின்றுபோனால் ஒரு விதத்தில் நல்லதுதான், அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடலாம். தொல்லை என்னவென்றால், பாதி பழுதான நிலையிலும் இந்தக் கருவி நன்றாகவே கத்தும். ஆணியைக் காட்டினால் கத்தும், நாணயத்தைக் காட்டினால் கத்தும், டப்பா மூடியைக் காட்டினால் இன்னும் பலமாகக் கத்தும். 0.1 கிராம், 0.2 கிராம் தங்கத் துணுக்கு மட்டும் அதன் காதில் விழாது. நீங்களும் வெயிலில் நாள் முழுக்க ஆட்டிவிட்டு, "இந்த இடத்தில் ஒன்றும் இல்லை போலிருக்கிறது" என்று வீட்டுக்குத் திரும்புவீர்கள். இடத்தின் மேல் பழி, உங்கள் கைப்பழக்கத்தின் மேல் பழி, கருவியின் மேல் மட்டும் சந்தேகம் வராது. அதற்குள் திருப்பிக் கொடுக்கும் கெடுவும் முடிந்திருக்கும்.

அதனால் நான் எல்லோரிடமும் சொல்வது ஒன்றுதான். பெட்டியைப் பிரித்த முதல் வாரத்திலேயே, புதுக் கருவி என்ன தூரத்தில் எதைக் கேட்கிறது என்று அளந்து எழுதி வைத்துவிடுங்கள். பிறகு எப்போது சந்தேகம் வந்தாலும் அந்தக் கணக்கோடு ஒப்பிட்டால் போதும். அந்த எழுத்து இல்லாமல் சர்வீஸ் ஆட்களிடம் போய் "முன்பு மாதிரி இல்லை" என்று சொன்னால், "எங்களிடம் நன்றாகத்தான் இயங்குகிறது" என்று பதில் எழுதித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, நாணயத்தைக் காட்டினால் கத்தத்தானே செய்கிறது.

சின்னத் துணுக்கு மட்டும் ஏன் தவறுகிறது

இது கொஞ்சம் புரிந்தால் சோதனை எல்லாம் தானாகப் புரியும். தங்கத்துக்கான கருவிகளில் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று வி.எல்.எஃப்., அதாவது வெரி லோ ஃப்ரீக்வென்சி, தொடர்ச்சியாக ஒரு அலைவரிசையை அனுப்புவது. தங்கத்துக்கென்றே செய்தவை இந்த வகைக்குள்ளேயே உயர்ந்த அலைவரிசையில் ஓடும், மைன்லேப் கோல்டு மான்ஸ்டர் 1000 என்றால் 45 கிலோஹெர்ட்ஸ், ஃபிஷர் கோல்டு பக் 2 என்றால் 71 கிலோஹெர்ட்ஸ். இன்னொன்று பி.ஐ., அதாவது பல்ஸ் இன்டக்‌ஷன். இது காயிலில், அதாவது நிலத்தின் மேல் ஆட்டும் தட்டுக்குள் இருக்கும் கம்பிச் சுற்றில், மின்சாரத்தை விட்டு சட்டென்று வெட்டும், வெட்டிய பிறகு நிலத்திலிருந்து என்ன எதிரொலி வருகிறது என்று கேட்கும்.

பி.ஐ. கருவியில் மின்சாரம் வெட்டப்படும்போது காயிலில் நூற்றுக்கணக்கான வோல்ட் எழும்பும், அது அடங்கினால்தான் கருவியால் கேட்க முடியும். நல்ல கருவியில் பத்து மைக்ரோவினாடி அளவில் கேட்கத் தொடங்கிவிடும். சின்னத் துணுக்கின் எதிரொலியோ சில மைக்ரோவினாடிகளிலேயே செத்துப்போகிறது. ஆகவே காயிலின் சுற்றிலோ, ஷீல்ட் என்ற மின் கவசத்திலோ, கேபிளிலோ, அதிர்வை அடக்கும் ரெசிஸ்டரிலோ சின்னக் கோளாறு இருந்து அந்த அடங்கும் நேரம் கொஞ்சம் நீண்டால் போதும், சின்னத் துணுக்கின் சத்தம் அதற்குள் புதைந்துவிடும். நாணயத்தின் எதிரொலி நெடுநேரம் நீடிப்பதால் அது தப்பித்துக்கொள்கிறது.

வி.எல்.எஃப்.-இல் கதை வேறு. அனுப்பும் சுற்றும் வாங்கும் சுற்றும் ஒன்றை ஒன்று பாதிக்காதபடி நுணுக்கமாக நிறுத்தி வைத்து, எபாக்ஸி பிசினை ஊற்றி இறுக்குகிறார்கள். அந்த இருப்பு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக நகர்ந்தால்கூட சமநிலை கெடும். எபாக்ஸி சரியாக நிரம்பாமல் உள்ளே காற்றுக்குழி இருந்தால் தட்டும்போதெல்லாம் சுற்று அசையும், அசையும்போதெல்லாம் பொய்ச் சத்தம் வரும். வெயிலில் சூடேறினாலும் அப்படித்தான். தரக் கட்டுப்பாடு கோட்டை விடும் இடத்தைத் தேடினால் முதலில் காயிலைப் பாருங்கள், அடுத்து கேபிளும் கனெக்டரும், மின்னணுப் பலகை அதற்கப்புறம்தான்.

பெட்டியைப் பிரிக்கும்போது

பிரிப்பதை வீடியோ எடுத்துவிடுங்கள். பில், சீரியல் நம்பர், காயிலில் தனியாக ஒட்டியிருக்கும் நம்பர், மூன்றையும் படம் எடுங்கள். பேர்போன கருவிகளுக்குப் போலிகள் ஏராளமாகச் சுற்றுகின்றன, வெளியே பார்க்க அச்சு அசலாகவே இருக்கும். சீரியல் நம்பரை விற்றவரிடம் கேட்பதில் பயனில்லை, தயாரித்த நிறுவனத்திடமே நேராகச் சரிபாருங்கள், வாரன்டிப் பதிவையும் அப்போதே முடித்துவிடுங்கள். விலை மற்ற இடங்களைவிடப் பாதிக்குப் பாதி குறைவு என்றால் அதை வாங்காதீர்கள், வேறு ஆராய்ச்சியே வேண்டாம்.

அப்புறம் கண்ணால் பார்க்கவேண்டியது. காயிலின் விளிம்பு ஒட்டுகளில் இடைவெளி இருக்கிறதா, கேபிள் காயிலுக்குள் நுழையும் இடத்தில் ரப்பர் உறை அசைகிறதா, கனெக்டரின் ஊசிகள் நேராக நிற்கின்றனவா, திருகும் வளையம் கடைசி வரை சீராக இறங்குகிறதா. காயிலைத் தாங்கும் தண்டான ஷாஃப்டின் பூட்டுகளை இறுக்கிவிட்டு லேசாகத் திருகிப் பாருங்கள். ஷாஃப்ட் ஆடினால் எரிச்சல் மட்டும்தான் என்று விடாதீர்கள், ஆடும் ஷாஃப்டில் கேபிளும் ஆடும், கேபிள் ஆடினால் பொய்ச் சத்தம் வரும்.

பேட்டரியை முழுக்கச் சார்ஜ் செய்து, மென்பொருள் அப்டேட் இருந்தால் போட்டு, தொழிற்சாலை அமைப்புக்கு ரீசெட் செய்துவிட்டுத்தான் சோதனைக்கு உட்காரவேண்டும். புதுக் கருவியில்கூட ரீசெட் செய்வது நல்லது, கடையில் யாராவது அமைப்புகளை மாற்றி வைத்திருக்கலாம்.

சோதனைத் துண்டும் முதல் அளவும்

உண்மையான தங்கத் துணுக்கு இருந்தால் அதுவே சிறந்தது. 0.1, 0.3, 1 கிராம் என்று மூன்று இருந்தால் வேறெதுவும் வேண்டாம். இல்லாவிட்டால் சின்ன ஈயக் குண்டு போதும், இயற்கைத் துணுக்குக்கு நெருக்கமாகவே கத்தும். நகைத் தங்கத்தை வைத்துச் சோதிக்காதீர்கள். மோதிரம் மூடிய வளையம், வளையத்தில் மின்சாரம் சுலபமாகச் சுற்றும், அதனால் அதே எடையுள்ள கரடுமுரடான துணுக்கைவிடப் பலமாகக் கத்தி உங்களை ஏமாற்றிவிடும். ஈயக் குண்டு வாங்கினால் முதலில் காந்தத்தைக் காட்டுங்கள், ஒட்டினால் அது எஃகு, தூரப் போடுங்கள். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிடக்கூடாது.

துண்டை ஒரு பிளாஸ்டிக் வில்லையில் ஒட்டி, எடையை மேலே எழுதி வையுங்கள். வில்லையை உலோகமில்லாத மெல்லிய குச்சியின் நுனியில் பொருத்தினால் உங்கள் கை காயிலுக்குப் பக்கத்தில் வராது. எப்போதும் இதே துண்டுகள்தான், தொலைத்துவிட்டால் கணக்கு முழுக்க வீண்.

இடம் முக்கியம். வீட்டுக்குள் சோதிக்கவே சோதிக்காதீர்கள், சுவரில் ஓடும் வயரும், தரைக்குள் இருக்கும் கம்பியும், வைஃபையும் சேர்ந்து அளவைக் குலைத்துவிடும். திறந்த வெளியில், மின்கம்பி பக்கத்தில் இல்லாத இடத்தில், ஆணி இல்லாத மரப் பெஞ்சிலோ பிளாஸ்டிக் பெட்டியிலோ கருவியைக் கிடத்தி, காயில் பெஞ்சுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வையுங்கள். கைக்கடிகாரம், மோதிரம், செல்போன், பெல்ட் எல்லாவற்றையும் கழற்றித் தள்ளி வையுங்கள். பத்து நிமிடம் கருவியை ஓடவிட்டுச் சூடேறட்டும், பிறகு வெளி இரைச்சலைத் தவிர்க்கும் நாய்ஸ் கேன்சல் ஒரு முறை.

இப்போது பிளாஸ்டிக் அளவுகோலை நிறுத்தி, துண்டைத் தூரத்திலிருந்து குறுக்கும் நெடுக்குமாக ஆட்டிக்கொண்டே காயிலை நோக்கிக் கொண்டுவாருங்கள். அசைவு இருக்கவேண்டும், பெரும்பாலான கருவிகள் அசையாத துண்டைக் கண்டுகொள்ளாது. இரண்டு தூரங்களைக் குறியுங்கள்: த்ரெஷோல்ட் சத்தம் (கருவி எப்போதும் மெல்லக் கொடுத்துக்கொண்டிருக்கும் பின்னணிச் சத்தம்) லேசாக மாறத் தொடங்கும் தூரம், கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் சந்தேகமில்லாமல் கேட்கும் தூரம். கண்ணை மூடுவது பேச்சுக்குச் சொல்வதல்ல. துண்டு எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் காது தானாக ஒரு சத்தத்தைக் கற்பனை செய்துகொள்ளும், அதனால் துண்டை வேறொருவர் ஆட்டுவதே நல்லது. காயிலின் நடு, முனை, பின்பக்கம், இரண்டு விளிம்புகள் என்று எல்லா இடத்திலும் செய்யுங்கள். டிடி காயிலில் (D வடிவச் சுற்றுகள் இரண்டு நடுவில் ஒன்றின் மேல் ஒன்று படிந்திருப்பது) நடுக்கோட்டிலும், மோனோ காயிலில் (ஒரே சுற்று அனுப்பவும் வாங்கவும் செய்வது) சின்னத் துணுக்குக்கு விளிம்புச் சுற்றுக்குப் பக்கத்திலும் கூர்மை அதிகம் இருக்கும், அது இயல்பு. இடது விளிம்புக்கும் வலது விளிம்புக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் அது இயல்பில்லை.

தேதி, சென்சிட்டிவிட்டி (கருவியின் கூர்மை) எண், மோடு, காயில் பெயர், பேட்டரி நிலை, வெயிலா நிழலா, எல்லாவற்றையும் தூரத்தோடு சேர்த்து எழுதுங்கள். மறுநாள் அதையே திரும்பச் செய்யுங்கள். இரண்டு நாள் அளவும் ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்குள் ஒத்துவந்தால் அதுதான் உங்கள் கருவியின் முதல் அளவு. காற்றில் எடுத்த அளவும் மண்ணுக்குள் கிடைக்கும் ஆழமும் ஒன்றாகாது, கனிமம் கலந்த மண்ணில் ஆழம் குறையும். பரவாயில்லை, இந்த எண் ஆழத்தைச் சொல்வதற்கு இல்லை, கருவி மாறிவிட்டதா என்று சொல்வதற்கு.

காயிலைக் கையால் விசாரிப்பது

நான் மிக முக்கியமாக நினைப்பது இந்தப் பகுதியைத்தான். சென்சிட்டிவிட்டியை நடு அளவில் வைத்து, காயிலைக் காற்றில் அசையாமல் பிடித்துக்கொண்டு, விரல் நுனியால் விளிம்பு முழுக்கச் சுற்றித் தட்டிக்கொண்டே வாருங்கள். பலமாக அடிக்கவேண்டாம், கதவைத் தட்டும் அளவுகூட வேண்டாம். ஒரே ஒரு இடத்தில் மட்டும் "டிக்" என்று சத்தம் எழுந்தால் அங்கே சுற்று தளர்ந்திருக்கிறது. எல்லா இடத்திலும் லேசாக எழுந்து, சென்சிட்டிவிட்டியை இரண்டு படி குறைத்ததும் போய்விட்டால் அது பழுதில்லை, மிகக் கூர்மையான கருவிகள் முழு அளவில் அப்படித்தான் இருக்கும். குறைத்த பிறகும் போகாவிட்டால் எழுதி வையுங்கள்.

அடுத்து தொடுவது. தட்டாமல், உள்ளங்கையைக் காயிலின் அடிப்பக்கம் மெதுவாக வைத்து எடுங்கள், மோதிரம் இல்லாத கை. சத்தம் மாறினால் ஷீல்ட் சந்தேகத்துக்குரியது. சுற்றைச் சுற்றிக் கடத்தும் பூச்சோ தகடோ கொடுத்து, அதை ஒரு வயர் வழியாகக் கருவியோடு இணைத்திருப்பார்கள். அந்த வயர் விட்டுப்போனால் ஈரப் புல்லும் ஈர மண்ணும் பட்டாலே கத்தும். காய்ந்த நிலத்தில் நன்றாக ஓடும் கருவி பனி படிந்த காலையில் மட்டும் பைத்தியமாகிறது என்றால் பெரும்பாலும் இதுதான்.

மூன்றாவது கேபிள். காயிலுக்குப் பக்கத்தில் முதல் 10 சென்டிமீட்டரையும், கனெக்டருக்குப் பக்கத்தில் கடைசி 10 சென்டிமீட்டரையும் மெதுவாக வளைத்துப் பாருங்கள். வெடிப்பது போலவோ, சத்தம் அறுந்து அறுந்தோ வந்தால் உள்ளே இழை அறுபட ஆரம்பித்திருக்கிறது. ஷாஃப்டில் கேபிளை இறுக்கிச் சுற்றுவதும், காயிலை மடக்கும்போது இழுபடுவதும் இதற்குப் பெரிய காரணம், காயில் பக்கம் கொஞ்சம் தளர்வு விட்டுச் சுற்றுங்கள். பேட்டரியை முதுகில் சுமந்து சுருள் வயரால் இணைக்கும் கருவி என்றால் அந்த வயரையும் அதன் பிளக்கையும் இதே போலச் சோதியுங்கள், அங்கேதான் முதலில் தேயும்.

காயில் கவரைக் கழற்றாமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள். கவருக்கும் காயிலுக்கும் நடுவே கருமணல் புகுந்து உட்கார்ந்திருந்தால் ஒவ்வொரு ஆட்டலிலும் அது நகர்ந்து கத்தவைக்கும். கழுவித் துடைத்துக் காயவைத்தால் சரியாகிவிடும் விஷயத்துக்காக காயிலையே குற்றம் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.

இரைச்சல்: கருவியா, சுற்றுப்புறமா

த்ரெஷோல்ட் நிலையாக நிற்காமல் அலைபாய்கிறது என்பதுதான் எல்லோரும் சொல்லும் முதல் புகார். முதலில் காயிலைத் தரையிலிருந்து தூக்கி, படுக்கையாகப் பிடித்துக் கேளுங்கள், அப்புறம் செங்குத்தாக நிறுத்தி மெதுவாக ஒரு முழுச் சுற்று திரும்புங்கள். திசைக்குத் திசை இரைச்சல் கூடிக் குறைந்தால் வெளியிலிருந்து வருகிறது: மின்கம்பி, செல்போன் கோபுரம், மின்வேலி, தூரத்து இடிமின்னல், பக்கத்தில் இன்னொரு டிடெக்டர். இரண்டு பி.ஐ. கருவிகள் பல பத்து மீட்டர் தள்ளி நின்றாலும் ஒன்றை ஒன்று தொந்தரவு செய்யும். எந்தப் பக்கம் திருப்பினாலும், ஊருக்கு வெளியே வேறு இடத்துக்குப் போனாலும், இரைச்சல் அப்படியே இருந்தால் கருவியைச் சந்தேகியுங்கள்.

அப்போது ஸ்பீக்கரை நிறுத்தி, வயர் உள்ள ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். சில விலை உயர்ந்த கருவிகளில்கூட உள்ளே இருக்கும் ஸ்பீக்கரே இரைச்சலுக்குக் காரணமாகிவிடுகிறது. ஹெட்போனில் அமைதியாகி, ஸ்பீக்கருக்கு மாற்றியதும் நடுங்கினால் அது வடிவமைப்பின் கோளாறு அல்லது உங்கள் கைக்கு வந்த கருவியின் கோளாறு. எதுவானாலும் பணம் கொடுத்த நீங்கள் சகித்துக்கொள்ளவேண்டிய அவசியம் இல்லை. புளூடூத் ஹெட்போன் வைத்து எந்தச் சோதனையும் செய்யாதீர்கள், சத்தம் தாமதமாக வரும், சாதாரண புளூடூத்தில் காயில் துண்டைத் தாண்டிய பிறகுதான் காதுக்கு எட்டும்.

தரையில் வைத்தால் மட்டும் கத்துகிறது, தூக்கினால் அமைதி என்றால் அது பெரும்பாலும் மண்தான். இரும்புக் கனிமம் மிகுந்த செம்மண், உப்பு ஊறிய ஈர நிலம், சூட்டுக்கல் என்று தேடுபவர்கள் சொல்லும் கனிமப் பாறைகள், இவை எல்லாம் நல்ல கருவியையும் குழப்பும். மண்ணின் சத்தத்தைக் கழிக்கும் கிரவுண்ட் பேலன்ஸைத் திரும்பச் செய்யுங்கள், மோடை மாற்றுங்கள், கருவியோடு ஃபெரைட் என்ற காந்தப் பொருளால் ஆன வளையம் கொடுத்திருந்தால் கையேட்டில் சொன்னபடி அதை வைத்துச் சரிசெய்யுங்கள். ஒரே இடத்தில் நின்றுகொண்டே ஐந்து நிமிடத்துக்கொரு முறை பேலன்ஸ் நழுவினால் மட்டும் நிழலில் அரை மணி நேரம் வைத்துவிட்டு மறுபடி பாருங்கள். நிழலில் சரியாகி வெயிலில் மட்டும் நழுவினால் காயில் சூட்டுக்கு அசைகிறது என்று அர்த்தம். இது வாரன்டியில் கேட்கவேண்டிய பழுது, மண்ணின் குணம் இல்லை.

பேட்டரி, தண்ணீர் பற்றிச் சுருக்கமாக: முழு சார்ஜில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று ஒரு முறை அளந்து கையேட்டோடு ஒப்பிடுங்கள். தூசி, தண்ணீர் புகாமைக்கான குறியீடு ஐபி67 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கவேண்டும், ஆனால் காயில் மட்டும் நீர் புகாதது, கட்டுப்பாட்டுப் பெட்டி அப்படி இல்லை என்ற கருவிகள் நிறைய. இரண்டுக்கும் தனித்தனியாகக் கையேட்டைப் பாருங்கள். தண்ணீரில் இறக்கும் முன் ரப்பர் வளையத்தில் மணல், முடி எதுவும் சிக்கியிருக்கக்கூடாது.

எப்போது வாங்குவது, யாரிடம் வாங்குவது

புது மாடல் வந்ததும் ஓடிப்போய் வாங்காதீர்கள். முதல் தொகுப்பில் வரும் குறைகள் மக்கள் கையில் போன பிறகுதான் தெரியவரும், சில மாதம் பொறுத்தால் திருத்திய காயிலோடோ புதிய மென்பொருளோடோ கிடைக்கும். அவசரம் என்றால், திருப்பி எடுத்துக்கொள்வேன் என்று எழுத்தில் கொடுக்கும் விற்பனையாளரிடம் வாங்குங்கள், விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

பழைய கருவி வாங்குபவர்கள் உதிரிபாகம் கிடைக்குமா என்று முதலில் கேட்கவேண்டும். வைட்ஸ் எலெக்ட்ரானிக்ஸ் அமெரிக்காவில் பல பத்தாண்டுகள் பேர்போன நிறுவனம், 2020-இல் மூடிவிட்டார்கள். அவர்களுடைய கருவிகள் இன்னும் நன்றாக ஓடுகின்றன, ஆனால் காயில் போனால் மாற்றுக் காயிலை நீங்கள்தான் தேடிப் பிடிக்கவேண்டும். பெரும்பாலான வாரன்டிகள் முதலில் வாங்கியவருக்கு மட்டும் என்பதையும் மறக்காதீர்கள். வேறு நிறுவனம் செய்த காயிலைப் பொருத்தியிருந்தால் அதைக் கழற்றி, கருவியோடு வந்த காயிலைப் போட்டுத்தான் சோதிக்கவேண்டும், எது பழுது என்று பிரித்துப் பார்க்க வேறு வழியில்லை. அதே மாடல் வைத்திருக்கும் நண்பர் இருந்தால் காயிலை மட்டும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். பழுது காயிலோடு போகிறதா, கருவியிலேயே தங்குகிறதா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆனால் சிப் வைத்த காயில்கள் எல்லாக் கருவியோடும் சேராது, பொருந்தும் என்று உறுதியான பிறகு மாற்றுங்கள், அணைத்த நிலையில் மாற்றுங்கள்.

புகார் எழுதுவது

"சரியாக வேலை செய்யவில்லை" என்று எழுதாதீர்கள். இப்படி எழுதுங்கள்: "0.3 கிராம் துண்டு, இந்த மோடு, சென்சிட்டிவிட்டி இவ்வளவு. வாங்கிய வாரம் இத்தனை சென்டிமீட்டரில் கேட்டது, இப்போது இத்தனையில்தான் கேட்கிறது. காயிலின் இடது விளிம்பில் தட்டினால் சத்தம் வருகிறது, வீடியோ இணைத்துள்ளேன். ரீசெட் செய்தாயிற்று, கவரைக் கழற்றிக் கழுவியாயிற்று, வேறு இடத்திலும் பார்த்தாயிற்று." இதற்கு ஒப்புக்குப் பதில் எழுதிவிட முடியாது, ஏனென்றால் அவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு எல்லாம் பதில் இதிலேயே இருக்கிறது. வீடியோவில் சத்தம் தெளிவாகக் கேட்கவேண்டும், திரையில் உள்ள எண்கள் தெரியவேண்டும், செல்போன் காயிலிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி இருக்கவேண்டும், இல்லாவிட்டால் அதன் இரைச்சலையே காரணமாகச் சொல்வார்கள்.

திருகைக் கழற்றி உள்ளே பார்க்க ஆசை வரும். வாரன்டி இருக்கும்வரை தொடாதீர்கள். காயிலையும் கருவியையும் சேர்த்தே அனுப்புங்கள், ஒன்றை மட்டும் அனுப்பினால் "இது நன்றாக இருக்கிறது, மற்றதை அனுப்புங்கள்" என்று இன்னொரு மாதம் போகும். அனுப்பும் முன் சீரியல் நம்பரைத் திரும்பவும் படம் எடுங்கள். எந்த பாகத்தை மாற்றினார்கள், மாற்றிய பாகத்துக்கு வாரன்டி எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள்.

கருவி திரும்பி வந்ததும் களத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டாம். அதே பெஞ்ச், அதே துண்டுகள், அதே அமைப்பு, அதே தட்டல். முதல் அளவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் சரி, போய்த் தேடுங்கள். வரவில்லை என்றால் புதிய அளவையும் பழைய அளவையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, அந்த வாரமே திருப்பி அனுப்பி, இந்த முறை பழுதுபார்க்கச் சொல்லாமல் மாற்றுக் கருவி கேளுங்கள்.